சமூக வன வள உரிமை: ஊர் கூடுறதுல இருந்து பத்திரம் கைக்கு வர்ற வரைக்கும் முழு வழிகாட்டி

வன உரிமைச் சட்டம் 2006ல தனிநபர் பட்டா பத்தி எல்லாருக்கும் ஓரளவு தெரியும். ஆனா ஊருக்கே சேர்த்து, அந்த ஊர் பரம்பரையா போய் வந்த காடு முழுக்கவும் பாதுகாக்க, பராமரிக்க, நிர்வாகம் பண்ண ஒரு உரிமை இருக்கு, அதுதான் சமூக வன வள உரிமை, பிரிவு 3(1)ல (ஐ), அதாவது இங்கிலீஷ் i. தமிழ்நாட்டு மலைகள்ல இதுக்கு மனு போட முயற்சி பண்றவங்க நிறைய பேர் ஒரே இடத்துல திரும்பத் திரும்ப மாட்டிக்கறத பாத்துட்டுதான் இத எழுதறேன். பெரும்பாலும் அவங்க கிட்ட ஆதாரம் இல்லாம இல்ல, வரிசைதான் தப்பா போயிருக்கும். முதல்ல ஃபார்ம வாங்கி நிரப்பிட்டு அப்புறமா கிராம சபைக்கு ஓடறாங்க. அது தலைகீழ். கிராம சபை தீர்மானம்தான் மனுவோட உயிர், ஃபார்ம் அதுக்கு மேல போடற கவர் மட்டும்தான்.

ஒரு விஷயத்த மனசுல வெச்சுக்கிட்டு படிங்க. பிரிவு 4(1) "வேற எந்தச் சட்டத்துல என்ன இருந்தாலும்"னுதான் ஆரம்பிக்குது, அதாவது உரிமைய மத்திய அரசு ஏற்கனவே அங்கீகரிச்சு மக்கள் கிட்ட குடுத்தாச்சு. நீங்க பண்றது அத பதிவு பண்ற வேலை, சலுகை கேக்கற வேலை கிடையாது. 2007 செப்டம்பர் 13 அன்னிக்கு ஐநா பொதுச்சபையில பழங்குடி மக்கள் உரிமைப் பிரகடனத்துக்கு இந்தியாவும் ஆதரவாதான் ஓட்டு போட்டுச்சு. அந்தப் பிரகடனத்துல 26வது பிரிவு சொல்ற நில உரிமைக்கு நம்ம நாட்டுச் சட்டம் கிட்டக்க வர்ற இடம் இதுதான். ஆனா சட்டம் புத்தகத்துல ஒத்துப்போனா போதாது, ஒவ்வொரு ஊர் தீர்மான நோட்டுலயும் ஒத்துப்போகணும், அந்த வேலைய டெல்லியில யாரும் பண்ண மாட்டாங்க.

## 1. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கையில இருக்க வேண்டியது

சட்டமும் விதிகளும் தமிழ்ல ஒரு பிரிண்ட். விதிகள்னா 2008 விதிகளோட 2012 செப்டம்பர்ல வந்த திருத்தமும் சேர்ந்து இருக்கணும். பழைய விதிய மட்டும் வெச்சுக்கிட்டு வேலை பண்ணா குழு அமைப்பும் தப்பாகும் கோரமும் (கூட்டம் செல்லணும்னா வர வேண்டிய குறைஞ்சபட்ச ஆள் கணக்கு) தப்பாகும், ஏன்னா ரெண்டுமே திருத்தத்துல மாறிடுச்சு, சமூக வன வளத்துக்கு மனு போடற ஃபார்ம், படிவம் சி அப்படிங்கறதே அந்தத் திருத்தத்துலதான் வந்துச்சு.

ஊர்ல 18 வயசு முடிஞ்ச எல்லார் பேரும் உள்ள பட்டியல். வாக்காளர் பட்டியல்ல இருந்து ஆரம்பிங்க, ஆனா அதோட நிறுத்தாதீங்க, ஓட்டர் ஐடி இல்லாத பெரியவங்க எல்லா ஊர்லயும் இருப்பாங்க.

பக்கத்துக்கு நம்பர் போட்ட ஒரு கெட்டி நோட்டு, தீர்மானத்துக்குன்னு தனியா. தனித்தாள்ல எழுதி அப்புறம் ஒட்டற வேலை வேண்டாம், பின்னாடி யாராவது சந்தேகப்பட்டா பதில் சொல்ல முடியாது.

அப்புறம் நேரம். மழைக்காலத்துலயும் தேன் சீசன்லயும் இத ஆரம்பிக்காதீங்க, பாதிப்பேர் காட்டுக்குள்ள இருப்பாங்க, கோரம் வராது.

## 2. எது உங்க "கிராமம்"னு முதல்ல முடிவு பண்ணுங்க

இதுதான் தமிழ்நாட்டுல ரொம்ப பெரிய சிக்கல். நம்ம ஊர்ல ஒரு ஊராட்சின்னா அதுக்குள்ள பத்து இருபது குக்கிராமம் இருக்கும், கீழ சமவெளி ஊரும் மேல மலை ஊரும் கலந்து இருக்கும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 மாதிரி நாள்கள்ல நடக்கற ஊராட்சி கிராம சபையில போய் வன உரிமைத் தீர்மானம் போட்டா, மொத்த ஊராட்சியில பாதிப்பேர் வந்திருக்கணும்னு கணக்காயிடும், அது எந்தக் காலத்துலயும் நடக்காது.

சட்டத்துல பிரிவு 2ல கிராமம்னா என்னன்னு விளக்கம் குடுத்திருக்காங்க. வன கிராமம், பழைய குடியிருப்பு, சர்வே ஆகாத ஊர், இதெல்லாம் கிராமம்னு அறிவிக்கப்பட்டிருந்தாலும் சரி இல்லாட்டாலும் சரி, கிராமம்தான். அப்போ உங்க பதி, தொட்டி, மந்து, செட்டில்மெண்ட் எதுவா இருந்தாலும் அதுவே தனி கிராம சபை கூட்டலாம். தமிழ்நாட்டுல அஞ்சாவது அட்டவணைப் பகுதியே (அரசியலமைப்புப்படி பழங்குடிப் பகுதின்னு அறிவிச்சது) கிடையாது, அதனால அந்தப் பகுதிகளுக்கான பஞ்சாயத்துச் சட்டமான பெசா நமக்கு இல்ல, அதுக்காக வன உரிமைக் கிராம சபையும் இல்லன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, ரெண்டும் வேற வேற சட்டம்.

என்ன செய்யணும்: ஊர்ப் பெரியவங்க கையெழுத்து போட்டு ஊராட்சித் தலைவருக்கு ஒரு கடிதம், நகல் ஆர்டிஓ அல்லது சப் கலெக்டருக்கு, பழங்குடியினர் நல அலுவலருக்கு. "எங்க குடியிருப்புக்கு வன உரிமைச் சட்டப்படி தனி கிராம சபை கூட்டித் தரணும்"னு ஒரு வரி, அந்த விளக்கத்த மேற்கோள் காட்டி ஒரு வரி. பதிவுத் தபால்ல அனுப்பி ரசீத நோட்டுல ஒட்டுங்க. ஊராட்சி தரப்பு தள்ளிப் போட்டுக்கிட்டே இருந்தா அடுத்து எங்க போனாலும் அந்த ரசீதுதான் பேசும்.

## 3. முதல் கிராம சபை: வன உரிமைக் குழு

முதல் கூட்டத்துல ஒரே ஒரு வேலை மட்டும் வெச்சுக்கோங்க, குழுவ தேர்ந்தெடுக்கறது. 10 பேருக்கு குறையக்கூடாது, 15 பேருக்கு மேல போகக்கூடாது. மூணுல ரெண்டு பங்காவது பழங்குடியினர், மூணுல ஒரு பங்காவது பெண்கள். குழுவே தலைவரையும் செயலாளரையும் தேர்ந்தெடுத்து, ஆர்டிஓ தலைமையில இருக்கற உட்கோட்டக் குழுவுக்கு எழுத்துல தெரிவிக்கணும்.

கோரம் எப்படி பாக்கறதுன்னா, ஊர்ல 84 பெரியவங்க இருந்தா குறைஞ்சது 42 பேர் வரணும், வந்தவங்கள்ல மூணுல ஒரு பங்கு பெண்கள், அதாவது 42 வந்தா 14. எண்ணிக்கைய தீர்மானத்தோட முதல் வரியிலயே எழுதுங்க: மொத்தம் இத்தன, வந்தது இத்தன, அதுல பெண்கள் இத்தன. இந்த வரி இல்லாம வர்ற தீர்மானம் எத்தனையோ பாத்தாச்சு, கையெழுத்து எல்லாம் இருக்கும், ஆனா எத்தன பேர்ல எத்தன பேர்னு சொல்ல முடியாது.

அடிக்கடி நடக்கற தப்பு: வனத்துறை ஏற்கனவே அமைச்சு வெச்சிருக்கற கிராம வனக் குழுவையே வன உரிமைக் குழுன்னு பேர் மாத்தி எழுதிடறது. அந்தக் குழு கூட்டு வன மேலாண்மைத் திட்டத்துக்காக போட்டது, அதுல துறை ஆளும் இருப்பாரு. இந்தக் குழுவ கிராம சபை தன் உறுப்பினர்கள்ல இருந்து மட்டும்தான் தேர்ந்தெடுக்கணும்.

இன்னொன்னு, பெண்கள் பேர சும்மா எழுதி வெக்கறது. கோரத்துக்காக மட்டும் எழுதினா நாலாவது படியில மேப் போடும்போது அதோட விளைவு தெரியும்.

பழங்குடி இல்லாத குடும்பங்களும் ஊர்ல இருந்தா அவங்கள ஒதுக்காதீங்க. 2005 டிசம்பர் 13க்கு முன்னாடி மூணு தலைமுறை, சட்டக் கணக்குல 75 வருஷம், காட்ட நம்பி இருந்தவங்களுக்கும் உரிமை உண்டு. ஊர ரெண்டா பிரிச்சு மனு போட்டா ரெண்டு தரப்பும் ஒருத்தர் மேல ஒருத்தர் ஆட்சேபணை எழுதற நிலைமைதான் வரும்.

அடுத்த கூட்டத்துல கிராம சபை மனுக்கள வரவேற்கறதா தீர்மானம் போடணும். மூணு மாசம் டைம். தேவைப்பட்டா காரணத்த எழுதி கிராம சபையே நீட்டிக்கலாம். "கடைசி தேதி 2008லயே முடிஞ்சுது"ன்னு சொல்றவங்க இன்னமும் இருக்காங்க. அப்படி ஒரு கடைசி தேதி சட்டத்துல கிடையாது.

## 4. நடந்து போய் எல்லை குறிக்கறது

மொத்த வேலையில அதிக நாள் எடுக்க வேண்டியது இங்கதான். ஆனா நிறைய பேர் ஒரே மத்தியானத்துல ஒரு தாள்ல வட்டம் போட்டு முடிச்சிடறாங்க.

முதல்ல ஊருக்குள்ள உக்காந்து போடுங்க. கோயில் முன்னாடி மண்ணுல கோலப்பொடி, கல்லு, இலை எது கிடைக்குதோ அத வெச்சு பெரியவங்க காட்ட வரையட்டும். சத்தியமங்கலம் பக்கம் ஒரு தொட்டியில இப்படி போட்டப்போ ஒரு பாட்டி ஒரு குச்சிய எடுத்து ஓடைய வளைச்சு போட்டுட்டு, "இது இங்க திரும்பலப்பா, பாறைக்கு மேல போய்த்தான் திரும்புது"ன்னு எல்லாருக்கும் முன்னாடி இளவட்டப் பசங்க போட்ட கோட்ட அழிச்சு போட்டாங்க. அந்தத் திருத்தம் மேப்புல ஏறுனதாலதான் ரெண்டு குலதெய்வ இடமும் ஒரு இடுகாடும் எல்லைக்குள்ள வந்துச்சு.

அப்புறம் ஆண்கள் ஒரு குழு, பெண்கள் ஒரு குழுன்னு தனித்தனியா வரையச் சொல்லுங்க. தேன் பாறை, பழைய வேட்டைத் தடம், மாடு பட்டி போட்ட இடம் இதெல்லாம் ஆண்கள் சொல்லுவாங்க. கிழங்கு, கீரை, சீமாறு புல், விறகு, கோடையிலயும் வத்தாத ஊத்து இதெல்லாம் பெண்கள் மேப்புலதான் வரும். ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு வெச்சு பாத்தாதான் ஊரோட காடு எவ்வளவுன்னு தெரியும். ஆண்கள் மேப் மட்டும் வெச்சு போட்ட மனுவுல ஊருக்கு பக்கத்துல இருக்கற காடு, தினசரி போற காடு, விட்டுப்போயிருக்கும்.

ஒவ்வொரு இடத்துக்கும் ஊர்க்காரங்க சொல்ற பேர அப்படியே எழுதுங்க. பேர், அங்க என்ன எடுக்கறாங்க, எந்த மாசம், யார் போவாங்க, இந்த நாலும் ஒரு நோட்டுல. கடுக்காய், நெல்லிக்காய், பூந்திக்கொட்டை, சீயக்காய், கல்பாசி, தேன்னு ஒவ்வொண்ணுக்கும் மாசம் இருக்கும். இது எல்லை மட்டும் சொல்லல, பழக்கம் தொடர்ந்து இருக்குன்னும் சொல்லுது, அதிகாரிகள் கேக்கற கேள்விக்கு பாதி பதில் இதுலயே இருக்கு.

அதுக்கப்புறம்தான் நடை. ட்ராக் ரெக்கார்ட் பண்ற ஏதாவது ஒரு ஆப் போன்ல போட்டு, சிக்னல் இல்லாம வேலை செய்யுதான்னு ஊர்லயே டெஸ்ட் பண்ணிட்டு, பவர் பேங்க் எடுத்துட்டு கிளம்புங்க. வழி தெரிஞ்ச பெரியவர் முன்னாடி போகணும், போன் வெச்சிருக்கறவர் பின்னாடி. யானை நடமாட்டம் உள்ள காட்டுல வெளிச்சம் நல்லா இருக்கும்போதே திரும்பிடுங்க, பாக்கிய இன்னொரு நாள் பாத்துக்கலாம். ஒரே நாள்ல எல்லை முழுக்க சுத்தணும்னு எந்த விதியும் இல்ல.

உண்ணிச்செடி மூடிப்போய் பழைய தடமே காணாம போன இடம் நிறைய வரும். போக முடியலங்கறதுக்காக அந்த இடத்த எல்லையில இருந்து விட்டுடாதீங்க. மேடான பாறையில நின்னு திசையையும் அடையாளத்தையும் குறிச்சு, "முன்னாடி போய் வந்த தடம், இப்போ உண்ணி மூடியிருக்கு"ன்னு எழுதி வைங்க. கேக்கறது பாரம்பரிய எல்லை, இன்னிக்கு நடக்க முடியுமாங்கறது கேள்வியே இல்ல.

ரிசர்வ் ஃபாரஸ்ட், சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம்னு பயந்து எல்லைய நீங்களே சுருக்காதீங்க. சட்டத்துல வன நிலம்ங்கற விளக்கத்துலயே சரணாலயமும் தேசியப் பூங்காவும் இருக்கு. முதுமலை, சத்தியமங்கலம், ஆனைமலை, களக்காடு முண்டந்துறை எங்கயும் சட்டம் செல்லும். "டைகர் ரிசர்வ்ல இதெல்லாம் கிடையாது"ன்னு யாராவது சொன்னா, எந்த விதின்னு எழுத்துல கேளுங்க.

## 5. பக்கத்து ஊரோட பேசிட்டு வாங்க

மேப் முடிஞ்ச உடனே, மனு எழுதறதுக்கு முன்னாடி. ஒரே காட்ட ரெண்டு மூணு ஊர் பயன்படுத்தறது சகஜம், எல்லை ஒண்ணு மேல ஒண்ணு ஏறித்தான் இருக்கும். விதி 12ல சொல்றபடி ரெண்டு ஊர் வன உரிமைக் குழுவும் கூட்டா உக்காந்து பேசி, முடிவ எழுதி, ரெண்டு கிராம சபைக்கும் குடுக்கணும். கிராம சபைகளால தீர்க்க முடியலன்னாதான் உட்கோட்டக் குழுவுக்கு போகும்.

எந்தப் பக்கம் யாரு, எந்த ஓடை பொது, எந்தப் பாறைத் தேன் யாரு குடும்பத்துக்கு, இதையெல்லாம் எழுதி ரெண்டு தரப்பும் கையெழுத்து. படிவம் சியிலயே எல்லைப்புற ஊர்கள் பேரும் பகிர்வு ஏற்பாடும் கேக்கற ஒரு இடம் இருக்கு, அங்க இந்தத் தாள இணைச்சா போதும்.

இத தள்ளிப் போட்டா என்ன ஆகும்னா, ஆய்வு நடக்கற அன்னிக்கு பக்கத்து ஊர்க்காரர் ஒருத்தர் வந்து நின்னு "இது எங்க காடு"ம்பாரு, அத ஆட்சேபணைன்னு எழுதி ஃபைல் தூங்கிடும்.

## 6. ஆதாரம்: ரெண்டு போதும், ஆனா நல்ல ரெண்டு

விதி 13ல உள்ள பட்டியல்ல இருந்து குறைஞ்சது ரெண்டு. பட்டா, சர்வே ரெக்கார்டு இல்லன்னு நிறைய ஊர் இங்கயே சோர்ந்து போயிடுது. தேவையே இல்ல. குலதெய்வ இடம், இடுகாடு, பழைய கிணறு, பழைய வீட்டு அஸ்திவாரம், சாமி மரம், மேய்ச்சல் நிலம், கிழங்கும் மகசூலும் (காட்டுல கிடைக்கற சிறு வனப் பொருள்) எடுக்கற இடம், மீன் பிடிக்கற இடம், மருந்துச்செடி எடுக்கற இடம் எல்லாமே ஆதாரம்தான். போட்டோ எடுங்க, நாலாவது படி நோட்டுல இருக்கற பேரோட சேர்த்து எழுதுங்க.

பெரியவங்க வாக்குமூலம் ரொம்ப முக்கியம். தனிநபர் மனுவுல ஒரு நிபந்தனை இருக்கு, வாக்குமூலம் குடுக்கறவர் மனுதாரரா இருக்கக்கூடாது. சமூக மனுவுல ஊரே மனுதாரர்ங்கறதால பக்கத்து ஊர்ப் பெரியவர் ஒருத்தர் கிட்டயும் வாங்கிடுங்க, அஞ்சாவது படியில போனப்போவே கேட்டுட்டா வேலை மிச்சம். அவர் பேசறத அப்படியே எழுதி, திருப்பி வாசிச்சு காட்டி, கைநாட்டோ கையெழுத்தோ.

அரசுப் பக்கத்து காகிதத்துல ரொம்ப பலமானது வனத்துறையோட சொந்த ஆவணம்தான். வொர்க்கிங் பிளான் எனப்படற செயல்திட்டம், ரிசர்வ் ஆக்கினப்போ வந்த அறிவிக்கை, இதுலயெல்லாம் இந்தந்த ஊர்க்காரங்களுக்கு இந்தந்த பொருள் எடுக்க அனுமதின்னு எழுதியிருக்க வாய்ப்பு இருக்கு. தமிழ்நாடு வனச் சட்டம் 1882ல பிரிவு 16 அறிவிக்கையில எல்லை விவரம் இருக்கும். வன, வருவாய் வரைபடமும் வாக்காளர் பட்டியலும் தர வேண்டிய கடமை உட்கோட்டக் குழுவுக்கு இருக்கு, முதல்ல அங்க எழுத்துல கேளுங்க. வரலன்னா ஆர்டிஐ, 10 ரூபாய், 30 நாள்.

ஆதாரத்துக்காக வேலைய நிறுத்தி வெக்காதீங்க. சேட்டிலைட் படம் வேணும், அபராத ரசீது வேணும்னு கட்டாயப்படுத்தக்கூடாதுன்னு விதி 12ஏவுல தெளிவா இருக்கு. சேட்டிலைட் படம் மத்த ஆதாரத்துக்கு துணையா வரலாம், அதுக்கு பதிலா வர முடியாது.

## 7. இப்போதான் ஃபார்ம்

படிவம் ஏ தனிநபருக்கு, பி சமூக உரிமைகளுக்கு (மகசூல், மேய்ச்சல், மீன், தண்ணி), சி சமூக வன வளத்துக்கு. பியும் சியும் சேர்த்தே போடுங்க. பி மட்டும் போட்டா பொறுக்கி எடுக்கற உரிமை வரும், நிர்வாகம் பண்ற உரிமை சியிலதான் இருக்கு. தனிநபர் மனு ஏற்கனவே போட்டிருந்தாலும் பரவாயில்ல, இது தனி.

தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் இந்த ஆறும் தமிழ்நாட்டுல குறிப்பா நலிவுற்ற பழங்குடிகள் பட்டியல்ல இருக்கு. இவங்களுக்கு வாழிட உரிமைன்னு கூடுதலா ஒண்ணு உண்டு, அதையும் பியிலயே கேக்கணும், தனியா யாரும் ஞாபகப்படுத்த மாட்டாங்க.

சர்வே நம்பர், கம்பார்ட்மென்ட் நம்பர் (வனத்துறை காட்ட பிரிச்சு போட்ட பகுதி எண்) கேக்கற இடத்துல "தெரிஞ்சா"ன்னுதான் படிவத்துலயே இருக்கு. தெரியலன்னா ஊர்ப் பேர்கள வெச்சு நாலு பக்க எல்லைய எழுதி "இணைப்பு வரைபடம் பார்க்க"ன்னு விட்டுடுங்க. கம்பார்ட்மென்ட் நம்பர் இல்லன்னு ஒரு ஆபீஸ்ல மனுவ வாங்காம திருப்பி விட்டதால ஒரு ஊர் பல மாசம் ரேஞ்ச் ஆபீஸுக்கும் தாலுகா ஆபீஸுக்கும் அலைஞ்சாங்க, படிவத்த விரல் வெச்சு காட்டினப்போதான் வாங்கினாங்க.

பரப்பளவ கம்மியா எழுதினா சீக்கிரம் கிடைக்கும்னு யோசனை சொல்றவங்க இருப்பாங்க. 4 ஹெக்டேர் உச்சவரம்பு தனிநபர் நிலத்துக்கு மட்டும்தான், சமூக வன வளத்துக்கு உச்சவரம்பே இல்ல. நடந்து குறிச்சது எவ்வளவோ அவ்வளவும் எழுதுங்க.

நிரப்பினத வன உரிமைக் குழு கிட்ட குடுத்து ஒப்புகை வாங்குங்க. ஆமா, நம்ம ஊர்க் குழு கிட்டயேதான். வீட்டுக்குள்ள எதுக்கு ரசீதுன்னு தோணும், ஆனா மனு எந்தத் தேதியில பதிவாச்சுன்னு காட்டற ஒரே காகிதம் அதுதான்.

## 8. கூட்டு ஆய்வு

குழு ஒரு தேதி குறிச்சு வனத்துறைக்கும் வருவாய்த்துறைக்கும் எழுத்துல சொல்லணும். ரேஞ்சருக்கு போன்ல சொன்னேன்னு விட்டா அது சொன்னதா ஆகாது. அவங்க வந்தா நடவடிக்கைக் குறிப்புல பேர், பதவி, தேதி, கருத்து எழுதி கையெழுத்து போடணும்.

வரலன்னா? ஆய்வ நிறுத்தாம நடத்துங்க, வரலங்கறத எழுதுங்க. பின்னாடி நாங்க இல்லாதப்போ நடந்துச்சுன்னு ஆட்சேபிச்சா ஒரு தடவை மறு ஆய்வுக்கு திருப்பி அனுப்பலாம். அதுக்கும் அவங்க வரலன்னா கள ஆய்வுல கிராம சபை முடிவே இறுதி. அதனாலதான் ரெண்டு தடவையும் அனுப்பின கடிதத்தோட ரசீது அவசியம்.

வெள்ளைத்தாள்லயோ பாதி நிரப்பின படிவத்துலயோ யாரும் கையெழுத்து போடக்கூடாதுன்னு ஆய்வுக்கு முந்தின நாளே ஊர்ல சொல்லி வைங்க. படிச்சு காட்டாம எதுலயும் கைநாட்டு வேண்டாம்.

## 9. தீர்மானம் போடற கிராம சபை

குழு தன் கண்டறிதல கிராம சபையில வைக்கும். மேப்ப சுவத்துல ஒட்டுங்க, எல்லை ஒவ்வொண்ணையும் சத்தமா வாசிங்க, ஆட்சேபணை இருந்தா அங்கயே கேட்டு எழுதுங்க. கோரம் அதேதான், பாதிப்பேர், அதுல மூணுல ஒரு பங்கு பெண்கள். கூடவே உரிமை கோரினவங்கள்ல பாதிப்பேரோ அவங்க பிரதிநிதியோ இருக்கணும். வந்தவங்கள்ல பெரும்பான்மை ஓட்டு போதும்.

தீர்மானத்துல பிரிவு எண், வரைபட இணைப்பு எண், நாலு எல்லை, இணைச்ச ஆதாரங்கள் பட்டியல் இதெல்லாம் வரணும். "எங்களுக்கு வன உரிமை வேண்டும் என தீர்மானிக்கப்படுகிறது"ன்னு ஒரு வரியில முடிக்கற தீர்மானம் முழுமையில்லன்னு திரும்பி வரும், வந்தா தப்பும் சொல்ல முடியாது.

## 10. உட்கோட்டக் குழு, மாவட்டக் குழு

ஆர்டிஓ தலைமையில உட்கோட்டக் குழு, கலெக்டர் தலைமையில மாவட்டக் குழு. தீர்மானம், மேப், படிவம், ஆதாரம் எல்லாத்துக்கும் ரெண்டு செட் நகல் எடுத்து வெச்சுட்டு ஒரிஜினல உட்கோட்டக் குழு ஆபீஸ்ல குடுத்து சீல் போட்ட ஒப்புகை வாங்குங்க. ரேஞ்ச் ஆபீஸ்ல குடுத்துட்டு வந்தா அது எங்கயும் போகாது, ஏன்னா மனுவ வாங்கற இடமே அது இல்ல.

இந்த ரெண்டு குழுவும் கிராம சபை தீர்மானத்துல ஏதாவது குறைன்னு பாத்தா தானா வெட்டவோ தள்ளவோ கூடாது, மறுபரிசீலனைக்கு கிராம சபைக்கே அனுப்பணும். மாத்தினாலோ தள்ளினாலோ விரிவான காரணம் எழுதணும். வெறும் டெக்னிக்கல் காரணத்துக்காக தள்ளக்கூடாது. முடிவ மனுதாரர் கையில நேர்ல குடுக்கணும். கையில வாங்கின தேதிய நோட்டுல எழுதுங்க.

தள்ளினா 60 நாளுக்குள்ள மேல்மனு, உட்கோட்டக் குழு முடிவுக்கு மாவட்டக் குழு கிட்ட. இன்னும் 30 நாள் அவங்க விருப்பப்படி தரலாம், அத நம்பி இருக்காதீங்க. மாவட்டக் குழு முடிவுதான் சட்டப்படி இறுதி, அதுக்கப்புறம் ஹைகோர்ட்டுல ரிட். இதெல்லாம் நடந்து முடியற வரைக்கும் யாரையும் காலி பண்ணச் சொல்ல பிரிவு 4(5) விடாது, அந்தப் பிரிவ ஊர்ல நாலு பேருக்காவது மனப்பாடமா தெரிஞ்சிருக்கணும், நோட்டீஸ் வர்ற நேரத்துல சட்டப் புத்தகம் தேட டைம் இருக்காது.

மேல ஒரு அதிகாரி வேணும்னே விதிய மீறுனா கிராம சபை தீர்மானம் போட்டு மாநிலக் கண்காணிப்புக் குழுவுக்கு 60 நாள் நோட்டீஸ் அனுப்பலாம். பிரிவு 7ல அபராதம் 1000 ரூபாய் வரைக்கும்தான். ஆனா தலைமைச் செயலாளர் தலைமையில இருக்கற குழுவுக்கு நோட்டீஸ் போச்சுன்னா ஃபைல் நகர ஆரம்பிக்கும்.

## 11. பத்திரம் வந்ததும் கையெழுத்துக்கு முன்னாடி படிங்க

விழா மேடையில வாங்கிட்டு போட்டோ எடுத்துட்டு வீட்டுல வெச்சுடறாங்க, அப்புறம் பிரிச்சு பாத்தா பேர் வேற. பாக்க வேண்டியது: பத்திரம் கிராம சபை பேர்ல இருக்கா, கிராம வனக் குழு பேர்லயா. பிரிவு 3(1)(ஐ) போட்டிருக்கா, இல்ல மகசூல் உரிமை மட்டுமா. பரப்பும் நாலு எல்லையும் தீர்மானத்தோட ஒத்துப்போகுதா. "வனத்துறை அனுமதிக்கு உட்பட்டு"ங்கற மாதிரி சட்டத்துல இல்லாத நிபந்தனை சேர்ந்திருக்கா.

எது தப்பா இருந்தாலும் அந்த வாரமே கிராம சபை கூட்டி, திருத்தம் கேட்டு தீர்மானம் போட்டு மாவட்டக் குழுவுக்கு அனுப்புங்க. அப்படியே வன, வருவாய்ப் பதிவேடுகள்ல ஏத்தச் சொல்லியும் எழுதுங்க. பத்திரம் பீரோவுல இருந்து, பதிவேட்டுல ஏறலன்னா அடுத்து வர்ற ரேஞ்சருக்கு அப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாது.

## 12. முதல் மகசூல் சீசனுக்குள்ள முடிக்க வேண்டியது

விதி 4(1)(இ), அதாவது இங்கிலீஷ் e, படி காட்டப் பாதுகாக்க, நிர்வாகம் பண்ண கிராம சபை ஒரு குழு போடணும். இது வன உரிமைக் குழு இல்ல, வேற. அதே ஆளுங்க இருக்கலாம், ஆனா தீர்மானம் தனியா போடணும்.

இந்தக் குழுதான் மேலாண்மைத் திட்டம் எழுதணும். பெரிய புத்தகம் எழுத வேண்டாம். எங்க உண்ணி வெட்டறது, எந்த மாசம் தீத்தடுப்பு கோடு போடறது, நெல்லி பறிக்கும்போது கிளைய வெட்டாம எப்படி பறிக்கறது, தேனடையில எவ்வளவு விட்டுட்டு வரணும், எந்த ஓடைப் பக்கம் மாடு விடக்கூடாது, மீறுனா ஊர் என்ன பண்ணும், இவ்வளவுதான். ஊர்ல ஏற்கனவே வாய்வழியா இருக்கற கட்டுப்பாட்ட எழுத்துல கொண்டு வந்தா பாதி முடிஞ்சுது. கிராம சபையில வெச்சு ஒப்புதல் வாங்கி ஒரு நகல் வனத்துறைக்கு.

சரக்கு வெளிய கொண்டு போக பாஸ் குடுக்கற அதிகாரம் 2012 திருத்தத்துக்கு அப்புறம் இந்தக் குழுவுக்கோ கிராம சபை நியமிக்கற ஆளுக்கோதான். அதனால பாஸ் புக் அடிச்சு, நம்பர் போட்டு, ஊர் சீலோட மாதிரிக் கையெழுத்தையும் செக்போஸ்டுக்கும் டிஎஃப்ஓ (மாவட்ட வன அலுவலர்) ஆபீஸுக்கும் சீசனுக்கு முன்னாடியே அனுப்பிடுங்க. இல்லன்னா நெல்லிக்காய் மூட்டையோட வண்டி செக்போஸ்டுல நிக்கும்போதுதான் எல்லாரும் சட்டத்த தேடுவாங்க. வண்டியோட போறவர் கையில பாஸ், பத்திர நகல், அந்த விதியோட ஒரு பக்க பிரிண்ட் மூணும் இருக்கணும்.